காற்று கொண்டுபோனதா, தண்ணீர் கொண்டுபோனதா?

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி கரையேறியபோது, மிசிசிப்பிக் கடற்கரையில் கடல் ஏறக்குறைய 28 அடி உயரத்துக்குப் பொங்கி ஊருக்குள் வந்தது. பாஸ் கிறிஸ்டியன், வேவ்லாண்ட், பிலாக்ஸி என்று கரையோரம் நெடுக, வீடுகள் நின்ற இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் மிஞ்சியது. சுவரும் கூரையும் எந்தத் திசையில் போயின என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பிய வீட்டுக்காரர்களிடம் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்டது ஒரே கேள்வி: வீட்டைக் கொண்டுபோனது காற்றா, தண்ணீரா? காற்று என்றால் பணம் உண்டு. தண்ணீர் என்றால் வீட்டுப் பாலிசியில் ஒரு டாலர்கூடக் கிடையாது.

சூறாவளிக்குப் பின் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் கேட்டால் பாதுகாப்பு, பழுதுபார்ப்பு, காப்பீடு, அரசு உதவி, கட்டட விதி என்று பதில் பல கிளைகளாக விரியும். அத்தனைக்கும் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது. முதல் வாரத்தில் வீட்டுக்காரர் காப்பாற்றியாக வேண்டியது சேதத்தின் தடயத்தை. அது போய்விட்டால் மற்ற எல்லாக் கிளைகளும் பட்டுப்போகும். ஹூஸ்டனிலும் டாம்பாவிலும் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்களை நினைத்து இங்கே கவலைப்படும் பெற்றோருக்கும் இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம்.

காற்றுக்கு ஒரு பாலிசி, வெள்ளத்துக்கு வேறொரு பாலிசி என்ற இந்தப் பிரிவினை எப்படி வந்தது? வெள்ளத்துக்குக் காப்பீடு தருவது கட்டுப்படியாகாது என்று தனியார் நிறுவனங்கள் வெகுகாலம் முன்பே ஒதுங்கிவிட்டன. அவர்கள் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் இருப்பவர்கள் மட்டுமே அதை வாங்குவார்கள். வெள்ளம் வந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் வரும். 1965இல் பெட்ஸி சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது பெரும்பாலானோரிடம் வெள்ளக் காப்பீடே இல்லை. அதன் விளைவாக 1968இல் மத்திய அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்றும் அதில் ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். வீடு வாழத் தகுதியற்றதாகி வெளியே வாடகைக்கு இருந்தால் அந்தச் செலவை இத்திட்டம் தராது. பாலிசி எடுத்து 30 நாள் கழிந்த பின்பே அது நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிவிட்டது என்று செய்தி கேட்டு ஓடினால் பயனில்லை.

கத்ரீனாவுக்குப் பிறகு சண்டை பாலிசியின் ஒரு வாக்கியத்தைச் சுற்றி நடந்தது. காற்றும் வெள்ளமும் சேர்ந்து சேதம் விளைவித்தால், எது முன் எது பின் என்றாலும், அந்தச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் பாலிசியில் எழுதிவைத்திருந்தன. பாஸ்காகூலா நகரத் தம்பதியர் இதை எதிர்த்து வழக்குப் போட்டனர். வெள்ளக் காப்பீடு தேவையில்லை என்று முகவரே சொன்னார் என்பது அவர்கள் வாதம். இழப்பு 1,30,000 டாலருக்கு மேல் என்று கேட்டவர்களுக்கு நீதிமன்றத்தில் கூடுதலாகக் கிடைத்தது ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான். 2007இல் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த வாக்கியம் செல்லும் என்றது. இரண்டு ஆண்டு கழித்து மிசிசிப்பி மாநில உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. சேதம் நேர்ந்த கணத்திலேயே இழப்பீட்டு உரிமை பிறந்துவிடுகிறது. காற்று முதலில் கூரையைப் பிய்த்திருந்தால், பின்னால் வந்த தண்ணீர் அந்த உரிமையை அழிக்க முடியாது என்று 2009இல் தீர்ப்பளித்தது. எந்த மணிக்கு எது நடந்தது என்பதற்கு அன்றிலிருந்து பண மதிப்பு வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான அநியாயமும் நடந்தது. வெள்ளத்துக்கான பணம் அரசு கஜானாவிலிருந்து போவது. அதைத் தனியார் நிறுவனங்களே அரசின் சார்பில் மதிப்பிட்டுக் கொடுக்கின்றன. காற்றுச் சேதத்தை வெள்ளச் சேதமாகக் காட்டினால் நிறுவனத்துக்குச் செலவு மிச்சம். சேத மதிப்பீட்டு வேலையில் இருந்த இரண்டு சகோதரிகள் இதை வெளியே சொன்னார்கள். பிலாக்ஸியில் ஒரு வீட்டின் விஷயத்தில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் அரசிடம் பொய்க் கணக்குக் காட்டியது என்று 2013இல் ஜூரி தீர்ப்புச் சொன்னது. அது உச்ச நீதிமன்றம்வரை போய் 2016இல் நிலைத்தது.

ஒரே பாலிசியில் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. கத்ரீனாவில் தன் வீட்டையே இழந்த மிசிசிப்பி நாடாளுமன்ற உறுப்பினர் ஜீன் டெய்லர் அதற்காகப் போராடினார். 2007இல் கீழவையில் நிறைவேறிய அவருடைய யோசனை மேலவையில் நின்றுபோயிற்று. தளம் மட்டும் மிஞ்சிய வீடுகளுக்குக் காற்று எவ்வளவு, நீர் எவ்வளவு என்று கணினி மாதிரி மூலம் கணக்கிட வேண்டும் என்று 2012இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டுக்காரரின் தலைவலி அதனால் தீரவில்லை. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில் புயலும் வெள்ளமும் ஒன்றாகவே அடங்குகின்றன. எனவே இந்தப் பிரிவினையை இயற்கை விதி போல ஏற்க வேண்டியதில்லை. ஒரே இரவில் ஒரே புயலில் போன வீட்டுக்கு இரண்டு பாலிசி, இரண்டு மதிப்பீட்டாளர், இரண்டு வழக்கு என்று அலையவிடுவது அநீதி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த நீதி வரும்வரை, நிரூபிக்கும் பாரம் வீட்டுக்காரர் தலையில்தான் இருக்கிறது.

தடயத்தைப் பற்றிப் பேசும் முன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை. 2020இல் லாரா சூறாவளி லூசியானாவைத் தாக்கியபோது, முதல் சில நாள்களில் அங்கே பதிவான மரணங்களில் பாதிக்கு மேல் ஜெனரேட்டர் புகையால் நேர்ந்தவை. புயலில் தப்பித்தவர்கள் மின்சாரம் இல்லாத வெக்கையில் ஜெனரேட்டரைக் கார் ஷெட்டில் ஓடவிட்டுத் தூங்கப் போனார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சன்னலுக்கும் கதவுக்கும் எதிர்த்திசையில் இருக்க வேண்டும். கடல்நீர் புகுந்த வீட்டில் மெயின் போர்டை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை தொடக் கூடாது. உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார் சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். 2022இல் இயன் சூறாவளிக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் அப்படி நடந்தது. வண்டியை வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்துவது முதல் வேலை.

இனி தடயம். வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். நனைந்த மெத்தையை வெளியே எறியத் தோன்றும். அதற்கு முன் போனை எடுக்க வேண்டும். முதலில் தெருவிலிருந்து வீட்டின் நாலு பக்கமும், பிறகு கூரை, பிறகு ஒவ்வொரு அறையிலும் வாசலில் நின்று நாலு மூலையும், மேலே உட்கூரையும், கீழே தரையும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அதன் பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுக்க வேண்டும். உள்ளே ஒரு கோடும் வெளியே ஒரு கோடும் வேறு வேறு உயரத்தில் இருந்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே உட்கூரையில் ஈரக் கறை இருந்தால் அது பொன். கீழிருந்து ஏறிய வெள்ளம் அங்கே எட்டியிருக்க முடியாது; கூரை வழியாக மழை இறங்கியிருக்கிறது, அதாவது காற்று கூரையைத் திறந்திருக்கிறது. வேலியும் மரமும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, ஷிங்கிள் ஓடுகள் எவர் தோட்டத்தில் கிடக்கின்றன, எந்தச் சன்னலின் கண்ணாடிச் சில் உள்பக்கம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் சாட்சிதான். வெள்ளம் ஏறும் முன்பே கூரை போவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பதை அப்போதே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், ஓராண்டு கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட அதற்குப் பலம் அதிகம். பெரிய சூறாவளிக்குப் பிறகு அமெரிக்க அரசின் கடல்-வானிலை முகமையான நோவாவின் விமானங்கள் கரையோரத்தை மேலிருந்து படமெடுத்து எல்லாரும் பார்க்க இலவசமாக வெளியிடுகின்றன. தன் வீடு இருக்கும் படத்தை உடனே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. மேலும் சேதம் ஆகாமல் தடுக்க வேண்டியது உன் கடமை என்று பாலிசி சொல்கிறது. ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். மதிப்பீட்டாளர் வர வாரக்கணக்கில் ஆகும். சேதத்தை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தால் பூஞ்சை உன் அலட்சியம் என்பார்கள். எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டால் சேதம் எங்கே என்பார்கள். காத்திருக்கவே கூடாது என்பது என் முடிவு. படம் எடு, மாதிரி வை, பிறகு பிய். ஜிப்சம் பலகைச் சுவரைத் தண்ணீர்க் கோட்டுக்குக் குறைந்தது ஓரடி மேலே அறுத்து, உள்ளே இருக்கும் ஈரப் பஞ்சை எடுத்தால்தான் மரச்சட்டம் காயும். அறுத்த பலகையில் கோடு தெரியும் ஒரு துண்டு, கம்பளத்தில் ஒரு சதுரம், தரைப் பலகையில் ஒன்று, பிய்ந்த ஷிங்கிள் இரண்டு என்று ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியைப் பையில் போட்டு அறையின் பெயரை எழுதிவைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி ஆகியவற்றின் சீரியல் எண்ணைப் படமெடுத்த பிறகே தெருவோரம் தள்ள வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் டேப் சுற்றித் தள்ளுவது கத்ரீனாவில் ஊரே கற்ற பாடம். கூரைக்குத் தார்ப்பாய் போட்ட செலவு, வாடகைக்கு எடுத்த மின்விசிறி, ஆணி வாங்கிய ரசீதுவரை எல்லாம் திரும்பக் கேட்கக்கூடியவை. அறிவிக்கப்பட்ட பல பேரிடர்களில் ராணுவப் பொறியியல் படையே நீலத் தார்ப்பாயை இலவசமாக அடித்துத் தருகிறது. அதற்குக் காசு கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

புயல்கள் அடுத்தடுத்து வரும்போது தடயத்தின் அருமை இன்னும் கூடும். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் ஃப்ளோரிடாவில் கரையேறியது. இரண்டு வாரத்துக்குள் அக்டோபர் 9 அன்று மில்டன் வந்தது. ஹெலீனின் குப்பையே தெருவோரம் அள்ளப்படாமல் கிடந்தது. நடுவில் படம் எடுத்து வைக்காதவர்கள் எந்தச் சேதம் எந்தப் புயலுடையது என்று நிரூபிக்கத் திண்டாட வேண்டியதாயிற்று.

மதிப்பீட்டாளர் வரும்போது வீட்டுக்காரர் கூடவே நடக்க வேண்டும். அவர் ஒரு நாளில் பல வீடு பார்ப்பவர். நாம் காட்டாததை அவர் பார்க்கமாட்டார். அவர் போடும் கணக்கும் அப்படியே காசோலையாகாது: ஆண்ட்ரூ சூறாவளி 1992இல் நிறுவனங்களைக் கலங்கடித்த பிறகு, சூறாவளிக்கென்றே தனி டிடக்டிபிள் வந்தது. வீட்டின் காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதத்தை முதலில் வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 8,000 டாலர், 5 சதவீதம் என்றால் 20,000 டாலர். சின்னச் சேதத்துக்கு ஏன் காசோலை வரவில்லை என்று பலர் திகைப்பது இதனால்தான். வெள்ளப் பாலிசியில் இழப்பைக் கணக்கிட்டுச் சத்தியம் செய்து கையெழுத்திட்ட படிவத்தை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெரிய பேரிடர்களில் அரசு காலத்தை நீட்டுவதுண்டு. ஆனால் நீட்டுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஃப்ளோரிடாவில் 2022 டிசம்பர் சட்டத்துக்குப் பிறகு வீட்டுப் பாலிசியில் இழப்பைத் தெரிவிக்க ஓராண்டுதான்.

இன்னொன்று பலருக்கும் அந்த நாளில்தான் தெரியவரும். வீட்டுக்கடன் இருந்தால் கட்டடத்துக்கான காசோலை வீட்டுக்காரர் பெயரோடு கடன் கொடுத்த வங்கியின் பெயரிலும் வரும். வங்கி அதை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் விடும். வேலைக்காரருக்கு முன்பணம் கொடுக்க வழியில்லாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு. முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போன் செய்து விதியைக் கேட்டு, கடன் தவணையைத் தள்ளிப்போடும் ஒப்புதலையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

புயல் ஓய்ந்த மறுநாளே வெளிமாநிலப் பலகை போட்ட வண்டிகள் தெருவில் நுழையும். கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறேன், டிடக்டிபிளை நானே பார்த்துக்கொள்கிறேன், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். அந்தக் கையெழுத்து பல காலம் காப்பீட்டு உரிமையையே கான்ட்ராக்டர் பெயருக்கு மாற்றிவிடும் கையெழுத்தாக இருந்தது. வழக்குகள் பெருகிய பின், 2023 ஜனவரி முதல் எழுதப்படும் பாலிசிகளுக்கு ஃப்ளோரிடா அதைத் தடைசெய்தது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்கிறேன் என்பது டெக்சஸில் 2019 முதல் குற்றம். உரிமம் பார்க்காமல், எழுத்தில் விலை வாங்காமல், முழுப்பணமும் முன்கூட்டிக் கொடுக்கவே கூடாது. நிறுவனத்தின் மதிப்பீடு அநியாயமாகக் குறைவாக இருந்தால், வீட்டுக்காரர் தரப்பில் வேலை செய்யும் பொது மதிப்பீட்டாளரை அமர்த்தலாம். ஃப்ளோரிடாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்ட புயலில் முதல் ஓராண்டுக்கு அவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. சிறிய இழப்புக்கு அவர் வேண்டாம். பெரிய இழப்பில் அந்தப் பத்து வீண் போகாது.

காப்பீடே இல்லாதவர்கள் கதை வேறு. 2017இல் ஹார்வி சூறாவளி ஹூஸ்டனை மூழ்கடித்தபோது தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளப் பாலிசி இல்லை. வெள்ள வரைபடத்தில் தங்கள் தெரு அபாயப் பகுதிக்கு வெளியே இருந்ததை நம்பியிருந்தவர்கள் அவர்களில் பலர். ஹெலீன் வடக்குக் கரோலினா மலையூர்களை அடித்துக்கொண்டு போனபோது ஆஷ்வில் சுற்றுவட்டாரத்தில் நூற்றில் ஒரு வீட்டுக்குக்கூட வெள்ளக் காப்பீடு கிடையாது. அவர்களுக்கு மிஞ்சுவது மத்தியப் பேரிடர் முகமையான ஃபீமா. வீட்டுக்கு அது தரக்கூடிய உச்சத் தொகை 2024 அக்டோபர் நிலவரப்படி 43,600 டாலர். பெரும்பாலோருக்குக் கிடைப்பது சில ஆயிரம். பேரிடர் அறிவித்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் வரும் மறுப்புக் கடிதத்தைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கடிதம் பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்பதற்காகத்தான். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

குறையும் காகிதம் பல வீடுகளில் இருந்ததே இல்லை. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, தாத்தா கட்டிய வீட்டில் பெயர் மாற்றாமலே தலைமுறையாக வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்களை, வீடு உன்னுடையதென்று காட்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். லூசியானாவின் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கத்ரீனாவில் நேர்ந்ததும் இதுவே. வெகுநாள் குரல் எழுப்பிய பிறகு, 2021இல் ஃபீமா விதியைத் தளர்த்தி, வரி ரசீது, பழுதுபார்த்த பில், கடைசியில் சொந்த உறுதிமொழிவரை ஏற்கத் தொடங்கியது. அந்தத் தளர்வு பாராட்டத்தக்கது. தாத்தா பெயரில் பட்டா கிடக்கும் நம்மூர் வீடுகளுக்கும் நிவாரண அதிகாரிகள் இதே மனத்தோடு வர வேண்டும்.

பழுதுபார்க்கத் தொடங்கும் முன் இன்னும் ஒரு கணக்கு உண்டு. வெள்ள அபாயப் பகுதியில், புயலுக்கு முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், வீட்டைப் பழையபடி கட்ட முடியாது. இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்தித்தான் கட்ட வேண்டும். நிலத்தின் விலை இந்தக் கணக்கில் சேராது என்பதால், விலையேறிய கடலோர மனையில் நிற்கும் பழைய சின்ன வீடுகள்தான் இதில் மாட்டும். இயனுக்குப் பிறகு ஃபோர்ட் மையர்ஸ் பீச் பகுதியில் பலர் பெர்மிட் வாங்காமல் அவசரமாகச் சரிசெய்தார்கள். விளைவாக, அந்த ஊர் இருக்கும் லீ கவுண்டியின் பல பகுதிகளில் வெள்ளக் காப்பீட்டில் கிடைத்துவந்த 25 சதவீதத் தள்ளுபடியையே பறிக்கப்போவதாக 2024இல் ஃபீமா எச்சரித்தது. வெள்ளப் பாலிசி இருந்தால் உயர்த்திக் கட்டும் செலவுக்கு 30,000 டாலர்வரை தனியாகக் கேட்கலாம். அது போதாது, ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது. கூரையை மாற்றும்போது பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைத்து, வரியிட்ட ஆணிகளை நெருக்கமாக அடித்தால் கூடுதல் செலவு அதிகமில்லை. இந்த வகைக் கூரைக்கு அலபாமா மாநிலம் 10,000 டாலர்வரை மானியம் தருகிறது, காப்பீட்டுக் கட்டணமும் குறைகிறது. மற்றக் கரையோர மாநிலங்கள் எல்லாம் இதைச் செய்ய வேண்டும்.

திரும்பத் திரும்ப மூழ்கும் வீட்டை அரசுக்கே விற்றுவிட்டுப் போகும் வழியும் இருக்கிறது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி 1985 முதல் அப்படி வாங்குகிறது. நியூ ஜெர்சியில் சாண்டி சூறாவளிக்குப் பிறகு அதே வேலை பெருகியது. பணம் கைக்கு வர நெடுநாள் ஆகும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் வீட்டில் பெரும் பணத்தைக் கொட்டுவதற்கு முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும். தங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: வெள்ள அபாயப் பகுதியில் ஃபீமா பணம் வாங்கிச் சரிசெய்த வீட்டுக்கு அதன்பின் வெள்ளக் காப்பீடு தொடர்ந்து இருந்தாக வேண்டும், விட்டுவிட்டால் அடுத்த வெள்ளத்தில் உதவி கிடைக்காது. வீட்டை விற்றாலும் அந்த நிபந்தனை வீட்டோடு போகும். விற்பவர் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில் 2024 அக்டோபர் முதல், வெள்ளத்துக்காகக் காப்பீட்டில் பணம் கேட்டிருந்தால் அதையும் வீடு வாங்குபவரிடம் மறைக்க முடியாது.